வீணாகாத பசி

நகோயா, ஜப்பான்
6 ஜூலை 2025

அத்தாவுக்கு,

ஸலாம். கோபத்தோடு சொல்கிற ஸலாம்தான். ஆனாலும் பதில் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் மேலே படிப்பீர்கள் என்று தெரியும்.

போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அடித்தால் எடுப்பதில்லை. வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் "நான் என்ன சினிமாக்காரனா" என்கிறீர்கள். கடைசியில் ரபியா மாமியிடம், "அவளுக்குப் பேசணும்னா எழுதச் சொல்லு, கத்துறத கேக்க என்னால ஆவாதுலா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இங்கிருந்து மலாக்காவுக்குத் தபால் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உலகத்தில் எந்த மகளுக்கும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு தண்டனை கிடைத்திருக்காது. சரி, எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். நோன்பை நிறுத்துங்கள்.

ரமலான் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. முதலில் திங்களும் வியாழனும் என்றீர்கள். கட்டாயமில்லாத சுன்னத்து நோன்புதானே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தினமும் என்கிறார் மாமி. "அண்ணன் எலும்பும் தோலுமா போயிட்டாங்கம்மா, சட்டைய ஹேங்கர்ல மாட்டுன மாதிரி தொங்குது" என்று அழுகிறார். போன வருடம் உங்கள் உணவுக் குழாயில் கட்டி என்று கண்டுபிடித்து, கதிர்வீச்சு கொடுத்து, கட்டி சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் இங்கே திரும்பினேன். நன்றாகச் சாப்பிட வேண்டும், எடை ஏற வேண்டும் என்று அவர் சொன்னபோது மாடு மாதிரி தலையை ஆட்டினீர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் இப்படி என்று மாமி கேட்டால், "எல்லாம் என் மவ சொன்ன வைத்தியம்" என்கிறீர்களாம். நான் எப்போது சொன்னேன்? நவம்பரில் நம் சுராவில், தொழுகை முடிந்ததும், என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பசித்திருக்கும்போது செல் தனக்குள் பழுதாகிப்போன பாகங்களைத் தானே தின்று சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர் என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு அடுத்த வாக்கியமே, நோயாளிகள் இதை வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான். அப்போது நீங்கள் பலகாரத் தட்டில் கறிபாப் எடுக்க எழுந்து போய்விட்டீர்கள்.

பட்டினி கிடக்கிற உடம்பு கட்டியைத் தேடிப்போய்த் தின்னாது அத்தா. முதலில் கொழுப்பைத் தின்னும், பிறகு தசையைத் தின்னும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று எனக்குச் சொல்லி வளர்த்தவர் நீங்கள். எனக்கு அம்மாவும் இல்லை. உங்களை விட்டால் வேறு ஆளில்லை. சாப்பிடுங்கள்.

ஸுஹா


தஞ்சோங் கிளிங்
18 ஜூலை 2025

ஊசி போடத் தெரியாத டாக்டர் ஸுஹா அவர்களுக்கு,

பதில் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் படித்தேன். சரியாகச் சொன்னால், படித்தது நம் கடை நல்லமுத்து. எனக்குத் தொண்டை கட்டியிருப்பதால் அவனைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முடித்துவிட்டு, "பாய், பொண்ணு பேசுறதவிட எழுதுறப்பதான் நல்லா திட்டுது" என்றான். போனைக் கண்டுபிடித்தவனைத்தான் குறை சொல்ல வேண்டும். போனில் நீ திட்டினால் காற்றோடு போய்விடுகிறது. இதை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

சிம்பாங் அம்பாட்டில் வாழ்நாள் முழுக்கப் பழைய இரும்புக் கடை நடத்தியவனுக்கு நீ செல்லைப் பற்றிப் பாடம் நடத்துகிறாய். சுராவில் நீ பேசும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் கடைதானே! ஓடாத குளிர்பெட்டி வரும். கம்ப்ரஸரைப் பிரித்துச் செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். உடைந்ததை உடைந்தபடியே குவித்து வைத்தால் அது குப்பை மேடு. பிரித்தால்தான் கடை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஆலையை மூடியபோது அந்த இரும்பு உருளைகளை நாம்தான் எடுத்தோம். நல்லமுத்து பிறந்த தோட்டம் அது. அவனுடைய அம்மா அந்த உருளையில்தான் ஆயுசுக்கும் ரப்பர் பால் ஷீட் தேய்த்தவர். வேறு ஆளை வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்றேன். கேட்காமல் அவனே கேஸ் கட்டரைப் பிடித்தான். அழுகிறாயாடா என்றேன். "அழுதா கேஸ் தீந்துடும் பாய்" என்றான். அந்த இரும்பு இப்போது எந்தப் பாலத்தில் கம்பியாக நிற்கிறதோ.

ஆகவே என் உடம்புக்குள்ளும் ஒரு கடை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள். லங்கணம் பரம ஔஷதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இங்கே வேறு செய்தி ஒன்றும் இல்லை. தேத்தண்ணி வடிகட்டும் வடிகட்டி காணாமல் போய்விட்டதென்று ரபியா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

சொன்னபடி டிசம்பரில் வா. அதற்கு முன்னால் டிக்கெட் வாங்கினாயானால் கதவைத் திறக்க மாட்டேன். உன் வேலையை நிரந்தரமாக்குவார்களா மாட்டார்களா என்பது இந்த வருடம் தெரியும் என்றாய். அதைப் பார்.

அன்புள்ள அத்தா,
மீரா சாஹிப்


நகோயா
30 ஜூலை 2025

அத்தா,

நல்லமுத்து மாமாவின் கதையைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் ஏதோ ரசாயனம் கண்ணில் பட்டுவிட்டதென்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். ஆனால் கதை சொல்லி என்னைத் திசை திருப்ப முடியாது.

உங்கள் கடையோடு ஒப்பிட்டது சரிதான். ஒரு பாகம் பழுதானால், அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு முளைத்து, வளைந்து, பை மாதிரி மூடிக்கொள்ளும். அந்தப் பை, ஜீரண ரசம் இருக்கிற இன்னொரு பையோடு போய்ச் சேரும். உள்ளே இருப்பது கரைந்து, மறுபடி எதையாவது கட்டுவதற்கு ஆகிற சரக்காக வெளியே வரும். எதுவும் வீணாவதில்லை. ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு இதைத்தான் தினமும் பார்க்கிறேன், அலுக்கவேயில்லை.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, இது சாப்பிட்டவன் உடம்பிலும் எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பசி அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். பட்டினி நீண்டுபோனால் பழுதானது, நல்லது என்று பார்க்காது, கைக்கு அகப்பட்டதைப் பிரித்து எரிக்கும். சரக்கு தீர்ந்துபோன கடைக்காரன் கூரைத் தகரத்தைக் கழற்றி எடைக்குப் போடுவதைப் போல.

இரண்டாவதை எழுதவே கை வரவில்லை. கட்டியில் இருப்பதும் செல்தான். இந்த வித்தை அதற்கும் தெரியும். நீங்கள் பட்டினி கிடந்தால் அதுவும் தன்னையே தின்று தாக்குப் பிடிக்கும். பல சமயம் நம் செல்லைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தாக்குப் பிடிக்கும். நோன்பு இருந்து அதைத் தோற்கடிக்க உங்களால் முடியாது அத்தா. நீங்கள்தான் கரைந்துபோவீர்கள்.

ஒரு கேள்வி. ஒளிக்காமல் பதில் எழுத வேண்டும். விழுங்கும்போது மறுபடியும் வலிக்கிறதா? சோறு தடையில்லாமல் இறங்குகிறதா?

ஸுஹா


தஞ்சோங் கிளிங்
10 ஆகஸ்ட் 2025

ஸுஹாம்மா,

கேள்விக்குப் பதில்: இந்த நாட்டில் விலைவாசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் என்னால் விழுங்க முடிகிறது.

உன் வைத்தியம் என்று நான் சொன்னது ரபியாவின் வாயை அடைக்கத்தான். உன் பெயரைச் சொன்னால் அவள் எதிர்த்துப் பேச மாட்டாள். நீ மனம் நோகாதே. காரணம் வேறு. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ விட மாட்டாய் போலிருக்கிறது.

இது உன் அம்மாவுடைய நோன்பு.

உன்னை வயிற்றில் சுமந்த வருடம் அவளுக்கு ரத்தப்போக்கு. ரமலான் முழுக்கப் படுக்கையில்தான். நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த ரமலானில் நீ பால்குடிப் பிள்ளை, அவளுக்கோ உடம்பு தேறவே இல்லை. அதுவும் போயிற்று. விட்டுப்போன நோன்பைப் பின்னால் நோற்றுவிட வேண்டுமல்லவா, அந்தக் களா நோன்பு அவளை விடவே இல்லை. ஒவ்வொரு வருடமும், "இந்தத் தடவ களாவ முடிச்சிடணுங்க" என்பாள். கடை, பிள்ளை, மாமியார் என்று தள்ளிப்போனது. அப்புறம் சர்க்கரை வந்தது, சிறுநீரகம் போனது, டயாலிசிஸ் வந்தது. பசித்திருக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. மௌத்தாவதற்கு முந்தின வாரம்கூட, "அந்த ரெண்டு ரமலான் அப்படியே நிக்கிதுங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடு மைமூன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏழைகளுக்கு அரிசி கொடுத்தால் நிறைவேறிவிடும் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னார். கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. சொந்தத்தில் யாராவது அவள் சார்பில் நோற்றாலும் சேரும் என்றும் அவரே சொன்னார். ஆகவே நோற்கிறேன். முதல் ரமலான், உன்னைச் சுமந்த வருடத்தினுடையது, முடிந்தது. இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறேன்.

அவளுக்குக் கொடுத்த வாக்கு. இதிலே நீ தலையிடாதே.

அத்தா


நகோயா
21 ஆகஸ்ட் 2025

அத்தா,

அம்மா இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "பசிக்குது" என்று புத்தகப் பையை வீசுவேன். அவர் எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவருவார். என்னால் விட்டுப்போன நோன்பை மனதில் வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

நீங்கள் கெட்டிக்காரத்தனமாக ஒன்றை விட்டுவிட்டீர்கள். நானும் ஹஸ்ரத்தைக் கேட்டேன். மாமியிடம் நம்பர் வாங்கிப் பள்ளிவாசலுக்கு அடித்துப் பேசினேன். அவர் போனை எடுக்கிறார், உங்களைப்போல இல்லை. பெற்ற பிள்ளை இருக்கும்போது அந்தப் பிள்ளை நோற்பதுதான் இன்னும் பொருத்தம் என்றார். "நோயாளி தன்ன வருத்திக்கிட்டு நோக்கணும்னு மார்க்கம் கேக்கலம்மா" என்றும் சொன்னார்.

ஆகவே தீர்ப்பு இதுதான். என்னைச் சுமந்த வருடத்தை நீங்கள் முடித்துவிட்டீர்கள். அதற்கு உங்கள் காலைத் தொட வேண்டும். எனக்குப் பால் கொடுத்த வருடம் என்னுடையது. குடித்தவள் நான்தானே? இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும் நாளில் உங்கள் பங்கு முடிந்தது. மிச்சம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நாளை முதல் நோன்பு வைக்கிறேன். எனக்குக் கட்டி இல்லை, வயது இருக்கிறது, ஜப்பானில் வெயிலும் குறையத் தொடங்கிவிடும்.

பதிலுக்கு நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். உட்கார்ந்து, பகலில், வயிறார ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுத வேண்டும். என்ன குழம்பு என்பது வரைக்கும்.

எனக்காக, அத்தா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸுஹா


தஞ்சோங் கிளிங்
2 செப்டம்பர் 2025

ஸுஹா,

ஜெயித்துவிட்டாய். சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அசாம் பெடாஸ் குழம்பு. திருக்கை மீன், காலையில் கரையில் வந்து இறங்கியது. மீன் துண்டு ஒவ்வொன்றும் கைவிரல் கனத்துக்கு. புளிப்பு முதலில் நாக்கின் ஓரத்தில் பிடித்தது, அப்புறம்தான் காரம். பூங்கா காந்தான் பூவை நீளமாகக் கிள்ளிப் போட்டிருந்ததால் சட்டியைத் திறந்ததும் வாசல் வரைக்கும் மணத்தது. வெண்டைக்காயைக் கீறாமல், காம்போடு முழுசாகப் போட்டிருந்தது. கடித்தால் உள்ளே இருந்த குழம்பு வாயில் சுடும், தெரியுமில்லையா? சோறு கொஞ்சம் குழைவாக இருந்தது, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். முருங்கைக்கீரை பொரியல், பொரித்த உப்புமீன், கடைசியில் சட்டியில் ஒட்டியிருந்ததில் ஒரு கைப்பிடிச் சோற்றைப் போட்டுப் பிசைந்து அதையும் விடவில்லை.

அப்புறம் தூக்கம் வந்தது.

நீ நோன்பு வைக்கும்போது விடியுமுன் சஹர் சாப்பிடாமல் இருந்துவிடாதே. வெறும் வயிற்றோடு அந்த மெஷின்களுக்கு நடுவே நிற்காதே.

அத்தா


நகோயா
14 செப்டம்பர் 2025

அத்தா,

உங்கள் கடிதத்தை நோன்பு நேரத்தில் படித்தது என் தப்பு. நாள் முழுக்க நாக்கில் புளி ஊறிக்கொண்டே இருந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கடிதத்தை மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். ரபியா மாமிக்கு அசாம் பெடாஸ் இவ்வளவு நன்றாக வருமென்று தெரியாது. வெண்டைக்காயை முழுசாகப் போடுவது அம்மாவின் வழக்கம். மாமிக்கும் அது தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இங்கே எல்லாம் நல்லபடி நடக்கிறது. நோன்பு சுலபமாகத்தான் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்குமேல் கொஞ்சம் கிறுகிறுக்கும். பசியோடு உட்கார்ந்து பசித்த ஈஸ்ட்டைப் பார்க்கும்போது, நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று அதனிடம் சொல்வேன். மாலையில் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்போதெல்லாம் அம்மாவிடம், இது உங்களுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கடிப்பேன். இப்படி அம்மாவோடு தினமும் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கும் நீங்கள்தான் காரணம்.

எடை ஏறியிருக்குமே? மாமியை விட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சண்டைதான் முடிந்துவிட்டதே. இன்னும் ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?

ஸுஹா


தஞ்சோங் கிளிங்
26 செப்டம்பர் 2025

என் கண்ணான மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல நல்லமுத்து எழுதுகிறான். கை நடுங்குகிறது. சொல்வதும் காற்றுச் சத்தமாகத்தான் வருகிறது, அவன் காதை என் வாயருகே வைத்துக்கொண்டு எழுதுகிறான். "நீங்களா சொல்றீங்களா, இல்ல நான் பொண்ணுக்கு அடிச்சி சொல்லட்டுமா பாய்" என்று இன்று மிரட்டினான். நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த அசாம் பெடாஸ் உன் அம்மா வைத்தது. அவள் நன்றாக இருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நினைவில் இருந்து எடுத்து எழுதினேன். வெண்டைக்காயில் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். மாமிக்கும் தெரியும் போல என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

எனக்குச் சோறு இறங்குவதில்லை ஸுஹா. ரமலான் கடைசியிலேயே அடைக்கத் தொடங்கியது. முதலில் சோறு நின்றது, அப்புறம் குழைத்த சோறு. ரபியாவின் வடிகட்டியை எடுத்தவன் நான்தான். நோன்பு திறக்கிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சியை வடித்து அந்தத் தண்ணீரைக் குடிப்பேன். இப்போது அதுவும் பாதி திரும்பி வருகிறது. நல்லமுத்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். கட்டி மறுபடி வளர்ந்து, ஈரலுக்கும் போய்விட்டதாம். குழாய் வைத்து ஊட்டலாம் என்றார்கள், நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். என் தொண்டையும் போய்விட்டது, முகமும் போய்விட்டது. அதனால்தான் போன் இல்லை, வீடியோ இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். எனக்குச் சோறே இல்லை, எங்கே கொண்டுபோய் மறைப்பேன்? நோன்பில் மறைத்தேன்.

சாப்பிட முடியாதவன் என்று ரபியா என்னைப் பரிதாபமாகப் பார்ப்பதைவிட, நோன்பாளி என்று திட்டுவது நன்றாக இருந்தது.

ஆனால் உன் அம்மா விஷயம் பொய்யில்லை. அதை மட்டும் நீ நம்ப வேண்டும். எப்படியும் பசித்துத்தான் கிடக்கப் போகிறேன். வெறும் பசியாக அது ஏன் போக வேண்டும்? பழுதானதைப் பிரித்து எதற்காவது ஆக்கிக்கொள்ளும், எதுவும் வீணாவதில்லை என்று நீ சுராவில் சொன்னாயே, அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போன வார்த்தை அது. ஒவ்வொரு இரவும், நாளைய நோன்பு இவளுக்காக என்று மைமூன் பெயரைச் சொல்லி நிய்யத் வைத்தேன். காலையில் எழும்போது நோயாளியாக எழவில்லை, அவளுக்காக ஒரு வேலை செய்கிறவனாக எழுந்தேன். வயிறு எரியும்போது, எரியட்டும், கணக்கில் சேர்கிறது என்று நினைப்பேன். அந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள்தான், சத்தியமாக.

ஆகஸ்டு கடைசியில் உன் கடிதம் வந்தது. மிச்ச நோன்பை நீ வாங்கிக்கொண்டாய். பெற்ற பிள்ளையின் உரிமை, நான் அதில் கை வைக்கவில்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு நிய்யத் வைக்க வாயைத் திறந்தேன். வைப்பதற்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் இருந்து எனக்கு வெறும் பசிதான்.

உன்மேல் குறை இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் வரைக்கும் வேண்டாம் ஸுஹா. முடிந்தால் இப்போதே வா. கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அத்தா


தஞ்சோங் கிளிங்
27 அக்டோபர் 2025

அத்தா,

இதைத் தபாலில் போட முடியாது. ஆனாலும் உங்களுக்கு எழுத வேண்டியது ஒரு கடிதம் பாக்கி. போனில் பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும் என்பீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பினேன். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் இருந்தது நீங்கள்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருடம் பட்டினி என்ன செய்யும் என்று கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தவள் நான். ஒன்றும் பார்க்கவில்லை அத்தா. ஒன்றுமே பார்க்கவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சாப்டியாம்மா?" உதட்டசைவில்தான் புரிந்தது. நான் அன்று நோன்பு. "சாப்ட்டேன் அத்தா" என்றேன். உங்களிடம் கற்றதுதான்.

அம்மாவின் நோன்பை நான் அநேகமாக முடித்திருந்தேன். விமானத்தில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அன்றைய நோன்பு போகக் கடைசி ஒன்றுதான் மிச்சம், அதை உங்களுக்கென்று விட்டுவைத்தேன். அன்று இரவு உங்கள் காதோடு சொன்னேன்: "அத்தா, அம்மாவோட நோன்பு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. என்னால முடியலத்தா. நீங்க வச்சிடுறீங்களா?" முடியவில்லை என்று நான் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரிந்தது. கண்ணிலேயே சிரித்தீர்கள். பிறகு நிய்யத் வைக்க உதடு அசைந்தது, வெகு நேரம் அசைந்தது. மறுநாள் முழுக்க முகம் தெளிவாக இருந்தது. மாமிகூடச் சொன்னார், "அண்ணன் இன்னிக்கு நல்லாருக்காங்கலா" என்று. அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பஞ்சில் தண்ணீர் நனைத்து உங்கள் உதட்டில் வைத்தேன். நல்லமுத்து மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் அழுவதைப் பார்த்தால் நீங்கள் கேஸ் தீர்ந்துவிடும் என்று கேலி செய்வீர்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் போய்விட்டீர்கள். ஜனாஸாவைத் தூக்கியவர்கள், இவ்வளவுதானா என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லமுத்து மாமாவும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

வடிகட்டி உங்கள் தலையணைக்குப் பின்னால் இருந்தது. மாமியிடம் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

இன்று காலை மாமி எனக்காக இடியாப்பம் அவித்து, தேங்காய்ப் பால் ஊற்றி, கட்டிலுக்கே கொண்டுவந்து வைத்தார். உங்கள் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் எடுத்தேன். இறங்கவில்லை அத்தா. எனக்குக் கட்டி எதுவும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இறங்கவில்லை. மாமி பார்க்காத நேரத்தில் முந்தானையில் துப்பிவிட்டேன்.

"ஏம்மா, சாப்பிடலியா?" என்றார்.

அந்தக் கண்ணில் இருந்த பரிதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"நோன்பு மாமி, மறந்துட்டேன்" என்றேன்.

மாமி தட்டை எடுத்துக்கொண்டு போனார். பிறகு நான் போய் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு வாயும் உள்ளே போகவில்லை, சுன்னத்து நோன்புக்கு நண்பகலுக்குள் நிய்யத் வைத்தால் போதும், இன்னும் நேரம் இருந்தது. எப்படியும் பசித்துத்தான் கிடக்கப் போகிறேன். வெறும் பசியாகப் போக வேண்டாம் என்று உங்களுக்காக நிய்யத் வைத்துக்கொண்டேன்.

ஸுஹா